கண்ணாடிக்கடைக்காரர் வேனுக்குக் கொக்கி பூட்டிய படலம்

எட்டுத் திசையும் செவிசாய்க்க! எள்ளினும் சிறிய திருகாணிகளை மூச்சடக்கி முடுக்கும் விரலினர், கிட்டப்பார்வையரின் கலங்கரை விளக்கம், பட்டறை வாசலை மிதியாமல் தம் வேனுக்குத் தாமே இழுவைக்கொக்கி பூட்டப் புகுந்த தீரர், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வாழ்க! அவர் கைக்கு எட்டிய ஸ்பேனர் வாழ்க! எட்டாத மூலையில் போல்ட்டுக்கு ஓட்டை போட்டானே ஒருவன், அவன் மட்டும் நாசமாய்ப் போக!

போர் மூண்ட கதை இது. கத்தரிக்கோல் ஏந்திய வெற்றித்திருமகளாகிய அவர் மனைவி, ஊரான் வைத்த அழகு நிலையத்தில் நெடுங்காலம் நின்றே கால் வீங்கியவள், ஒருநாள் வேலையை உதறி எறிந்தாள். சுழல்நாற்காலியும் நிலைக்கண்ணாடியும் தலையலசும் தொட்டியும் பொருத்தி, இரு சக்கர இழுவண்டி ஒன்றைத் தன் சொந்தக் கடையாக்கினாள். மறுநாள் காலை முதியோர் இல்ல முற்றத்தில் முதல் வியாபாரம். நரைத்த தலைகள் ஆவலோடு காத்திருந்தன. ஆனால் அந்தோ! இழுவண்டிக்கு எஞ்சின் இல்லை. எஞ்சின் உள்ள வேனுக்கோ பின்னால் கொக்கி இல்லை.

பட்டறை வேந்தராகிய அவள் அண்ணனோ, போனில் இவ்வாறு முழங்கினார்: "அட மாப்ள, இது மூக்குக்கண்ணாடிக்கு ஸ்க்ரூ போடுற வேலை இல்ல. அடுத்த வாரம் கொண்டாங்க, பாத்துக்கலாம்." முழங்கியதோடு விட்டாரா? சிரித்தும் தொலைத்தார்.

மனைவி மடித்து வைத்திருந்த புதுத் துண்டுகளைப் பிரித்து மறுபடி மடித்தாள். அதைக் கண்டார் தீரர். மீசையற்ற மேலுதடு துடித்தது.

"அடுத்த வாரமா? இன்னிக்கே மாட்டுறேன். நானே மாட்டுறேன்!"

"உங்களுக்குத் தெரியுமாங்க?"

"கொக்கி வந்த அட்டைப்பெட்டியில படம் போட்டிருக்கு."

பழைய போர்வையை விரித்து, மல்லாந்து, கால் இரண்டும் வெளியே நீள, தலை மட்டும் இருளுலகம் புகும் பாம்பென அவர் வேனுக்கடியில் நுழைந்தார். அங்கே ஆண்டுக்கணக்கில் உறங்கிய சேறு விழித்தது. துருமழை பொழிந்தது, பிறர் பார்வையைத் துலக்கிய பெருமானின் சொந்தக் கண்ணாடி மண்ணப்பி மங்கியது, துடைத்தார், இன்னும் மங்கியது. குறுக்கே கிடந்த சைலன்சரை நகர்த்த அதன் ரப்பர் வளையத்தை அவர் நெம்பினார். நெம்பவே, மதங்கொண்ட யானை துதிக்கையால் அறைந்தாற்போல அது மார்பில் வந்து விழ, தீரரின் திருவாயினின்றும் அச்சேறாத சொல்லொன்று புறப்பட்டு அடுத்த வீட்டு ஜன்னலைச் சாத்த வைத்தது.

ஆயினும் தளர்ந்தாரில்லை. கொக்கியைத் தாங்கும், ஓர் ஆள் பாரமுள்ள இரும்புச் சட்டத்தை ஜாக்கியில் ஏற்றி, அங்குலம் அங்குலமாய் உயர்த்தி, முதல் போல்ட்டை ஓட்டையில் வைத்தார். வைத்ததை விட்டார். போல்ட்டோ வேனின் அடிச்சட்டத்துக் குழலுக்குள் உருண்டோடி, கோட்டைக்குள் புகுந்து கதவடைத்த கோழை மன்னனைப் போல் மறைந்தது. கம்பி விட்டுத் துழாவினார், வரவில்லை. கடையிலிருந்து கொண்டுவந்த காந்தக்குச்சியை நீட்டினார். அது பொடித் திருகாணிகளின் எமன், இந்தப் பூதத்தின் முன் கூசி நின்றது.

"ஏம்மா! வண்டிக்குள்ள ஏறிக் குதி!"

"என்னது?"

"குதிம்மா!"

ஏறினாள். குதித்தாள். வேன் அலைகடல் தோணியென ஆடியது. கண்மூடிக் காதைத் தீட்டி, உலோகம் உருளும் ஒலியை அவர் தொடர்ந்தார். இடம், வலம், மீண்டும் இடம். பிறகு 'ணங்' என்று அது அவர் நெற்றியிலேயே வந்திறங்கி வெளிப்பட்டது. வீரத்தழும்பு எனப் புலவர் பாடுவர். மனைவி ஐஸ் கட்டி கொண்டுவந்தாள்.

மற்றவை அடங்கின. கடைசி போல்ட் அடங்கவில்லை. சட்டத்து ஓட்டையும் வேனின் ஓட்டையும், பேச்சுவார்த்தையற்ற சம்பந்திகளைப் போல, மயிரிழை விலகியே நின்றன. தள்ளினார், கெஞ்சினார், விரல்முட்டி தோலுரிந்தது. மனைவி குனிந்து பார்த்தாள். ஸ்பேனரை மார்பில் வைத்தபடி அவர் வெறுமனே படுத்திருந்தார்.

"உங்க அண்ணன் சொன்னது சரிதான் போல."

"தள்ளிப் படுங்க," என்று அவளும் போர்வையில் நுழைந்தாள். இரு பாதங்களையும் சட்டத்தில் ஊன்றினாள். "இத்தனை வருஷம் நின்ன காலு. சொல்லுங்க, எப்ப உதைக்கணும்?"

"இப்ப!"

அவள் உதைத்த உதையில் வானம் அதிர்ந்ததோ இல்லையோ, வேன் அதிர்ந்தது, ஓட்டைகள் ஒன்றையொன்று நேருக்கு நேர் நோக்கின, போல்ட் புகுந்தது! ஒரே ஸ்பேனரை நான்கு கைகள் பற்றி இறுக்கின. இருளுலகில் இருவரும் கரிபூசிய முகத்தோடு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தனர்.

மாலையில், தங்கையின் முதல் வியாபாரம் மனதை உறுத்தியதாலோ என்னவோ, பட்டறை வேந்தர் கருவிப்பையோடு தாமே வந்தார். குனிந்தார், தட்டினார், கொக்கிமேல் ஏறி நின்று தம் முழு எடையாலும் உலுக்கினார். உலகம் மூச்சைப் பிடித்தது.

"ம்... இறுக்கமாத்தான் இருக்கு மாப்ள."

தேவர் பூச்சொரியத் தேவையில்லை, அது போதும். இழுவண்டி கொக்கியில் 'டக்'கென அமர்ந்தது. பக்கத்தில் மனைவி, பின்னிருக்கையில் மைத்துனர். ஒற்றைக்கையால் ஸ்டியரிங்கைப் பற்றி, மறுகையைத் தெருவாருக்கு அசைத்து, நிலைபெயர்ந்த தேரென வெள்ளோட்டம் புறப்பட்டார் கொக்கி பூட்டிய கோமான். ஜன்னல்கள் திறந்தன, நாய்கள் கட்டியம் கூறின, வழிவிட்டு ஒதுங்கின சைக்கிள்கள். வெற்றிக்களிப்பில் இடப்புறச் சந்துக்குள் கம்பீரமாய்த் திரும்பி, அதன் கோடிவரை சென்றார்.

அது முட்டுச்சந்து, ட்ரெய்லரோடு ரிவர்ஸ் எடுக்க அவருக்குத் தெரியாது.