பதினேழாம் அத்தியாயத்தில் இறந்த மாமனார்

பெண் எடுக்கப் போகிற வீட்டில் மழையைப் பற்றிப் பேசலாம், கேசரியில் நெய் தூக்கலாக இருப்பதைப் பற்றிப் பேசலாம். பார்க்கிற வேலையை விளக்க மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. இதை யாராவது எனக்கு முன்னமே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

போனில் ஒரு பேரைத் தேடினால், இன்னார் இன்ன ஆள் என்று மேலே ஒரு கட்டம் வருகிறதல்லவா? அதற்குப் பின்னால் பெயர்களைக் கோடு போட்டு இணைத்த பெரிய வலை ஒன்று இருக்கிறது. வல்லத்திராக்கோட்டையில் மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு, கதைகளில் வரும் கற்பனை ஆட்களை அவரவர் கதையோடு முடிச்சுப் போடுவது என் வேலை. (அம்மா அக்கம்பக்கத்தில், "எம்மவன் கம்ப்யூட்டர்ல என்னமோ கல்யாணத் தரகு பாக்குறான்" என்றுதான் சொல்லி வைத்திருந்தாள்.)

கந்தர்வக்கோட்டையில் தேன்மொழி வீட்டுக்குக் கல்யாணத் தேதி குறிக்க அம்மாவும் நானும் போயிருந்தோம். அவளுடைய அப்பா முத்துக்கருப்பன், முந்திரி வியாபாரி.

"நீங்க பாக்குற வேலதான் எனக்கு இன்னும் பிடிபடல, மாப்பிள்ள" என்றார்.

சிரித்து மழுப்பியிருக்கலாம். தேன்மொழி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாளா, எனக்கு வேகம் வந்துவிட்டது. "உங்க பேரையே தேடிக் காட்டுறேன் மாமா" என்று தேடி, போனை அவர் கையில் கொடுத்தேன்.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சத்தமாகவே வாசித்தார். "முத்துக்கருப்பன். கற்பனைக் கதாபாத்திரம். கந்தர்வக்கோட்டை முந்திரி வியாபாரி. பதினேழாம் அத்தியாயத்தில் குளத்தில் மூழ்கி இறக்கிறார்." பக்கத்தில், கடை வாசலில் அவரே சிரித்தபடி நிற்கும் படம்.

அடக் கடவுளே! அந்த முடிச்சைப் போட்டவன் நான்தான். இந்தச் சம்பந்தம் வருவதற்கு முன்பு, எங்கள் பக்கத்து எழுத்தாளர் ஒருவரின் நாவல் என் கைக்கு வந்தது. அதில் இதே பெயரில், இதே ஊரில், இதே வியாபாரத்தில் ஒருவர். வலையிலோ கடைப் படத்தோடு ஒரு முத்துக்கருப்பன் ஏற்கெனவே இருந்தார். ரெண்டும் ஒரே ஆள் என்று பொருத்திவிட்டு, சாயங்காலம் டீ குடிக்கப் போய்விட்டேன்.

மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னேன். அம்மா கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"திருச்சிப் பார்ட்டி ஒருத்தன் போன் போட்டு, 'அண்ணே, நல்லாத்தான இருக்கீங்க'ன்னு ஒரு மாதிரியா விசாரிச்சான். இதான் சங்கதியா?" என்றார் அவர். "அது சரி, நான் எதுக்குக் குளத்துல எறங்குனேன்?"

"தெரியல மாமா."

"புத்தகத்தப் படிக்காமயா என்னயக் கொன்னீங்க?"

அட்டைக்குப் பின்னால் இருந்த கதைச் சுருக்கத்தைத்தான் படித்திருந்தேன். அதை எப்படிச் சொல்வது?

"தம்பி" என்றார். (மாப்பிள்ளை அதற்குள் தம்பியாகிவிட்டதைக் கவனியுங்கள்.) "மொதல்ல எனக்கு உசுரு குடுங்க. அப்பறமா பொண்ணு குடுக்குறேன்."

அப்போதே அம்மாவை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். தேன்மொழியை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

வீட்டுக்கு வந்து திருத்தம் போட்டேன். எங்கள் வேலையைச் சரிபார்க்கிறவர் "ஆதாரம் எங்கே?" என்று திருப்பி அனுப்பினார். மாமாவுக்குப் போன் செய்தேன்.

"குத்துக்கல்லாட்டம் இருக்கேன், இதவிட என்ன ஆதாரம்?"

"நீங்களே சொன்னா செல்லாது மாமா. அச்சுல வந்திருக்கணும்."

"கல்யாணப் பத்திரிகை அச்சுதான?" என்று அம்மா குறுக்கே வந்தாள்.

"உசுரு வந்தாத்தான் பத்திரிகை" என்று மாமா போனை வைத்துவிட்டார்.

ஆனால் அவருக்குக் குறுகுறுப்பு விடவில்லை. தான் எப்படிச் செத்தோம் என்று தெரிந்துகொள்ள அந்த நாவலைத் தேடி வாங்கியிருக்கிறார். அவர் பதினேழாம் அத்தியாயத்துக்குத் தாவ, தேன்மொழி முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறாள். மறுநாள் அவளே கூப்பிட்டாள்.

"ஏங்க, மொதப் பக்கத்தப் பாத்தீங்களா? 'இக்கதையில் வரும் பெயர்கள் யாவும் கற்பனையே. உயிருடன் உள்ள எவரையும் குறிப்பன அல்ல'ன்னு போட்டிருக்கு. எங்கப்பா உசுரோடதான இருக்காரு? அப்ப அந்த ஆளு இவரு இல்லதான?"

எல்லா நாவலிலும் இருக்கிற வரி. கதைகளைப் பார்ப்பதற்கென்றே சம்பளம் வாங்கிய எனக்குத்தான் அது கண்ணில் படவில்லை. வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினேன். முத்துக்கருப்பனை ரெண்டு ஆளாகப் பிரித்து, நடுவில் 'வேறு ஆள்' என்று கோடு போட்டார்கள். நானும் தம்பியிலிருந்து மாப்பிள்ளையானேன்.

கல்யாணப் பத்திரிகையின் அடியில் மாமா ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: "இதில் வரும் பெயர்கள் எவையும் கற்பனை அல்ல."

இப்போதும் மழைக்குக் குளம் நிரம்பினால் குடும்பமே இறங்கிக் குளிக்கும். மாமா மட்டும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கரையில் நிற்பார். "வாங்க மாமா" என்று கூப்பிட்டால், ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்வார்: "புத்தகத்த முழுசாப் படிச்சுட்டீங்களா மாப்பிள்ள? அப்பறம் கூப்பிடுங்க."