நண்டு போட்ட பரிசு

"இனி இந்த வீட்டுக்குள்ள ஒரு கல் வந்தாலும், ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்!" என்று மனைவி சொன்ன அன்றே பாறை ஆய்வாளர் ஒரு மகத்தான முடிவுக்கு வந்தார். இனிமேல் கல்லைக் கல்லென்று சொல்லிக் கொண்டுவரக் கூடாது.

பாவம், அவரைச் சொல்லியும் குற்றமில்லை. ஆபீஸில் கற்களை வைக்கும் அறைக்கு (எல்லாரும் அதைக் 'கல்லறை' என்பார்கள்) வெள்ளையடிக்கிறார்கள். அவர் கையிலோ மலையெல்லாம் அலைந்து தேடிய சுண்ணாம்புக் கல். அங்கே விட்டுவைத்தால் யாராவது ஏணிக்கு முட்டுக் கொடுத்துவிடுவார்கள். பளபளக் காகிதத்தில் சுற்றினார். வாசலில் வந்து நின்று முகமெல்லாம் பல்லாகச் சொன்னார்:

"கல்யாண நாள் பரிசு!"

மனைவி பிரித்தாள். சாம்பல் நிறக் கல். மேலே எள்ளை இறைத்த மாதிரிப் புள்ளிகள்.

"அழகா இருக்கே! என்னங்க இது?"

"ஆதிகாலத்துக் கடல் முத்துன்னு வெச்சுக்கோயேன்."

கல் கூடத்து அலமாரியில் ஏறியது. வந்தது வினை. திங்கட்கிழமை பெரிய அதிகாரி வருகிறார். அந்தக் கல்லைச் சீவி மைக்ராஸ்கோப்பில் காட்டி, அந்த மலை ஒரு காலத்தில் ஆழமில்லாத கடலாக இருந்தது என்று நிரூபிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆராய்ச்சிக்கே மூடுவிழா.

"அந்தக் கல்லைக் கொஞ்சம் குடேன். ஒரு ஓரமா அறுத்துட்டுத் தந்துடறேன்."

"கல்யாணப் பரிசை அறுக்கறதா? வாயைக் கழுவுங்க முதல்ல!"

ஞாயிற்றுக்கிழமை மனைவியின் அக்கா வந்திருந்தார். கழுவின தட்டையே மறுபடி கழுவுகிற அக்கா. இதுதான் சமயமென்று கடைசி அஸ்திரத்தை எடுத்தார் நம்மவர்.

"உண்மையைச் சொல்லிடறேன். அது முத்தும் இல்ல, ஒண்ணும் இல்ல. நண்டு போட்ட கழிவு."

"கழிவுன்னா?" என்றார் அக்கா.

"வெளிக்குப் போனதுதான். கல்லாயிடுச்சு."

அக்கா டீயைக் கீழே வைத்தார். அப்பாடா! கல் இதோ குப்பைத் தொட்டிக்குப் போகிறது, அங்கிருந்து நம் பைக்கு வருகிறது என்று நம்மவர் உள்ளுக்குள் குதித்தார்.

"போய் எத்தனை வருஷம் இருக்கும்?" என்றாள் மனைவி.

"பதினஞ்சு கோடி வருஷம்."

"பாருக்கா, இத்தனை வருஷத்துல ஒரு வாடை உண்டா? இவரு சாக்ஸைக் கழட்டினா தெருவே எழுந்து ஓடுது!"

அக்கா அலமாரிப் பக்கம் மூக்கை நீட்டிப் பார்த்தார். "ஆமாடி, சுத்தமான ஜீவன்" என்றார்.

திங்கள் காலை. இனி மறைக்க எதுவுமில்லை. அதிகாரி, ஆராய்ச்சி, மூடுவிழா எல்லாவற்றையும் அழாத குறையாக மனைவியிடம் கொட்டித் தீர்த்தார்.

"இதை அன்னைக்கே வாயைத் திறந்து சொன்னா என்ன?" என்றபடி மனைவி மேஜை இழுப்பறையைத் திறந்தாள். கண்ணாடித் துண்டில் ஒட்டியபடி, காகிதத்தைவிட மெல்லிய கல் சீவல்!

"அடியில பெயின்ட்ல நம்பர் போட்ட கல்லை எந்தப் புருஷன் ஆசையா பொண்டாட்டிக்குக் குடுப்பான்? வெள்ளிக்கிழமையே உங்க ஆபீஸ்ல கல்லறுக்கற அண்ணன்கிட்ட குடுத்து வாங்கிட்டேன்."

"அப்ப அலமாரியில இருக்கறது?"

"மீதிப் பாதி. வெட்டின பக்கம் சுவரைப் பாத்து இருக்கு. தினம் அது முன்னாடி நின்னு பெருமூச்சு விட்டீங்களே, பாதியைக் காணோம்னு கூடத் தெரியல. பெரிய பாறை ஆய்வாளர்!"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. திட்டித் திட்டியே தன்னைக் காப்பாற்றியிருக்கிறாளே என்று நெஞ்சு நிறைந்துபோனது. "நீ இல்லேன்னா நான் என்ன ஆவேன்!" என்றார், மனசாரத்தான்.

அதிகாரி மைக்ராஸ்கோப்பில் குனிந்தவர் நிமிரவே இல்லை. ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் வரிசை வரிசையாகச் சின்னஞ்சிறு துளைகள். ஆழமில்லாத கடலில் வாழ்ந்த நண்டின் குடல் வைத்த கைரேகை. ஆராய்ச்சி பிழைத்தது. அடுத்த வாரமே மலைக்குப் போக ஜீப்பும் கிடைத்தது. சொந்தக்காரர்களைக் கூட்டிப்போகவும் அனுமதி உண்டு.

வீட்டுக்கு ஓடிவந்தார். "உனக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது. என்ன வேணும், கேளு! மாட்டேன்னு சொன்னா நான் மனுஷனே இல்ல."

"ஒண்ணும் வேணாங்க. மலைக்கு நானும் அக்காவும் வர்றோம்."

"தாராளமா வாங்க! ஆனா ஜீப்புல டிரைவரைத் தவிர ரெண்டு சீட்டுதானே?"

"அதான் எனக்கும் அக்காவுக்கும் சரியாப் போச்சே. நீங்க பின்னாடி கல்லோட உக்காந்துக்கோங்க."