ஆராயி அனுப்பிய திருத்தம்

"இந்த சிப்பை உலகத்தில் யாரும் பயன்படுத்துவதில்லை. இதற்கான பகுதியைத் தூக்கிவிடலாம்."

பீட்டர் எழுதியிருந்த இந்த மெயிலைப் படித்ததும் ஜினசேனன் டீ கிளாஸை அப்படியே கீழே வைத்துவிட்டான்.

ஜினசேனன் கிணற்று மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் பெட்டி செய்பவன். கரண்ட் வந்து தொண்ணூறு நொடி பொறுத்து, தானாகவே மோட்டாரை ஓட்டிவிடும் பெட்டி. கீழ்பென்னாத்தூர் பக்கம் நாற்பது வயல் கொல்லைகளில் அது ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே பீட்டர் சொன்ன அதே பழைய சிப். அதில் நொடி பிசகாமல் வேலை செய்யும் ஒரு குட்டி இயங்குதளம். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், திருத்தியும் அனுப்பலாம். அதைப் பராமரிப்பவர்கள் ஜெர்மனியில் இருந்தார்கள். தலைவர் யோஹான், சண்டைக்கு பீட்டர், சமாதானத்துக்கு மரியா. மூவரும் மெயிலில் விவாதித்துத்தான் எதையும் முடிவு செய்வார்கள். 2006-ல் செங்கம் சாலை சக்கரபாணியின் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஜினசேனன் அதையெல்லாம் வரி விடாமல் படிப்பான்.

"நான் பயன்படுத்துகிறேன்" என்று பதில் போட்டான்.

"ஒரே ஒரு ஆளுக்காகவா?" என்றார் பீட்டர்.

"இன்னும் சிலர் இருந்தால் யோசிக்கலாம்" என்றார் மரியா.

ஜினசேனன் யோசிக்கவில்லை. மனைவி ராஜமதி பெயரில் புது மெயில் ஐடி தொடங்கி, "நானும் பயன்படுத்துகிறேன்" என்று எழுதினான்.

மறுநாள் பீட்டர் கேட்டார்: "இருவரும் எப்படி ஒரே எழுத்துப்பிழையைச் செய்கிறீர்கள்?"

பதறிப்போய் சக்கரபாணி பெயரில் ஒருவரை இறக்கினான். அதுவும் போதாது என்று, தன்னிடம் பெட்டி வாங்கிய ஆராயி பெயரில் இன்னொருவர். சந்தேகம் வரக்கூடாதே என்று ஆராயியை விட்டு ஜினசேனனையே திட்ட வைத்தான். 'இவர் எழுதும் திருத்தங்கள் அரைகுறை. காத்திருக்கும் நேரத்தை எண்ணும் பகுதியை நான் மாற்றி எழுதியிருக்கிறேன், பாருங்கள்.'

யோஹானே பதில் எழுதினார்: "அருமை. ஜினசேனன் ஆராயியிடம் கற்றுக்கொள்ள வேண்டும். இனி இந்த சிப்பின் பொறுப்பு ஆராயிக்கே."

ஜினசேனனுக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. ராஜமதிக்கு வேறு வருத்தம்.

"அந்தம்மாவுக்குப் பொறுப்பு குடுத்தாங்க. என் பேருக்கு ஒண்ணுமே இல்லியாங்க?"

அடுத்த மெயிலில் குண்டு விழுந்தது. யோஹானின் மனைவி கிளாரா வருஷாவருஷம் ரமணாசிரமத்துக்கு வருபவராம். இந்த முறை யோஹானும் கூட வருகிறார். வியாழக்கிழமை நான்கு மணிக்கு நால்வரையும் பார்க்க வேண்டும்.

"எது கேட்டாலும் 'டெஸ்டிங் நடக்குது'ன்னு சொல்லுங்க. அதுக்கு மேல ஜாஸ்தி பேச வேணாம்" என்று சக்கரபாணிக்கும் ராஜமதிக்கும் பாடம் நடத்தினான். ஆராயிக்கு ஆள் அனுப்பியதில், "ஜினசேனன் வரச் சொன்னாரு" என்ற அளவுக்குத்தான் சேதி போய்ச் சேர்ந்தது.

வியாழக்கிழமை யோஹான் கைகூப்பியபடி பிரவுசிங் சென்டருக்குள் வந்தார். பக்கத்தில் பருத்திப் புடவையில் கிளாரா.

"எப்படிப் போயிட்டிருக்கு?" என்று தமிழிலேயே கேட்டார் கிளாரா.

"டெஸ்டிங் நடக்குது" என்றார் சக்கரபாணி.

"சாப்பிட்டீங்களா?"

"டெஸ்டிங் நடக்குது" என்றாள் ராஜமதி.

அப்போது உரச்சாக்கில் எதையோ சுமந்துகொண்டு ஆராயி உள்ளே நுழைந்து, அதை மேசைமேல் தொப்பென்று வைத்தாள். ஸ்டார்ட்டர் பெட்டி.

"இன்னா நயினாரே, இது பொட்டியா? முன்ன நல்லாத்தான் இருந்துச்சு. போன மாசம் வந்து இன்னாவோ புதுசா ஏத்திட்டுப் போன. அதுலேர்ந்து கரண்ட் போயி ஒடனே வந்தா பொறுக்கவே மாட்டேங்குது. டப்புனு போட்டுடுது. ரெண்டு வாட்டி மோட்டாரு காயில் கருகிப் போச்சு. மல்லாட்ட காயுது!"

வேர்க்கடலைப் பயிர் காய்வது வரை கிளாரா மொழிபெயர்க்க, யோஹான் தரையிலேயே சம்மணம் போட்டு மடிக்கணினியைத் திறந்தார். பத்தே நிமிஷம். கரண்ட் போனால் நொடிக்கணக்கைச் சுழியத்துக்குக் கொண்டுவரும் வரி ஒன்று விடுபட்டிருந்தது. அவர் திரையைக் காட்டி ஏதோ கேட்டார்.

"இந்தப் பகுதி நீங்க எழுதினதுதானேன்னு கேக்கறாரு" என்றார் கிளாரா.

"நான் எதுக்கு எழுதறேன்? எழுதினவன் எவனோ, கொல்லைக்கு வந்து பாக்காமலே எழுதியிருக்கான், மடையன்!"

கிளாரா 'கொல்லைக்கு வந்து பார்க்காமலே எழுதிய மடையன்' என்பதை மட்டும் மொழிபெயர்த்தார். அதைக் கேட்ட யோஹான் எழுந்து நின்றுவிட்டார். தன் தவறைத் தானே இவ்வளவு வெளிப்படையாகத் திட்டிக்கொள்ளும் ஒருவரை இருபது வருஷத்தில் பார்த்ததில்லையாம். ஆராயியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கண் கலங்கியிருந்தது.

அந்தக் கண்ணீரை ஜினசேனனால் தாங்க முடியவில்லை. இந்த நல்ல மனுஷனை ஏமாற்றலாமா? உண்மையைச் சொல்லிவிடுவது என்று கிளாராவைத் தனியே அழைத்தான்.

"அம்மா, ஒரு விஷயம் சொல்லணும்..."

"இருங்க, நான் முதல்ல சொல்லிடறேன்" என்றார் கிளாரா தணிந்த குரலில். "நீங்க நாலு பேரும் நெஜமாவே இருக்கீங்கன்னு பாத்ததுல அவருக்கு அவ்வளவு சந்தோஷம். ஏன்னா, அங்க பீட்டரு, மரியா எல்லாம் இவரு ஒருத்தர்தான்."