ஃப்ரீசருக்குப் போன ரேடியேட்டர் ரப்பர்

வெள்ளிக்கிழமை காலையில கீழ்பென்னாத்தூருக்கு வளையல் கொண்டு போகணும். அவ்ளோதான் வேலை.

மக வயித்துப் பேத்தி நித்யாவுக்கு அவ மாமியார் வீட்டுல வளைகாப்பு. வளையல் நம்ம சீர். பத்தரைக்கு ராகு காலம், அதுக்குள்ள முதல் வளையல் ஏறணும். மக முதல் நாளே கிளம்பறதா இருந்தா. "அவ கையில குடுத்து அனுப்பிடுங்களேன்"னு நித்யாவோட மாமியார், எங்க சம்மந்தியம்மா, போன்ல சொன்னாங்க.

நான் சும்மா இருந்திருக்கலாம். "வளையல் என் கையோடதான் வரும், பத்து மணிக்கு டாண்ணு நிப்பேன்"னு சொல்லிட்டேன். வாய்!

முந்தின நாள் சாயந்திரம் எங்க வீட்டுக்காரர் காரைத் தயார் பண்ணாரு. பழைய கார். என்னை விசாரிக்கறதைவிட அதை விசாரிக்கறது ஜாஸ்தி. ரேடியேட்டர் மூடியைக் கழட்டி மதில் மேல வெச்சுட்டு தண்ணி எடுக்கப் போனாரு.

பார்த்தேன். ஒரே அழுக்கு! நல்ல காரியத்துக்குப் போற வண்டி இப்படியா? குத்துவிளக்கோட சேத்து அதையும் புளி போட்டுத் தேச்சேன். மின்னுச்சு பாருங்க! உள்ள ஒரு ரப்பர் வளையம் மட்டும் தொளதொளன்னு.

இது எனக்குத் தெரியாத வியாதியா? குக்கர் கேஸ்கட் தளர்ந்தா ஃப்ரீசர்ல வெச்சா கிண்ணுனு ஆயிடும். எங்க நாத்தனார் இதைக் கேக்காம ஒரு பொங்கலன்னைக்கு தளர்ந்த கேஸ்கட்டோட பருப்பு வெச்சா. பருப்பு பூரா சீலிங் ஃபேன்ல! அந்த ஃபேனைப் போட்டா இன்னிக்கும் எனக்கு சாம்பார் வாசனைதான். சரி, அதை விடுங்க.

ரப்பரைக் கழட்டி ஃப்ரீசர்ல வெச்சேன். காலையில மாட்டிக்கலாம்னு. மூடியை மட்டும் மதில் மேல திருப்பி வெச்சேன். அவரு வந்து, "அட, பளபளன்னு இருக்கே!"ன்னு சந்தோஷமா மூடிட்டாரு. கண்ணாடி போடாம.

காலையில புடவை, பூவு, வளையல் டப்பா எல்லாம் ஞாபகம் வந்துச்சு. ரப்பர் மட்டும் வரல.

எட்டரைக்குக் கிளம்பினோம். ஊரைத் தாண்டி கொஞ்ச தூரம்தான். சூடு காட்டற முள்ளு சரசரன்னு ஏறுது.

"என்னங்க, அந்த முள்ளு நமக்கு முன்னாடி போய்ச் சேந்துடும் போலயே?"

"பேசாம வாடி."

பேசாம வந்தேன். பானெட்டுதான் பேசுச்சு. குபுகுபுன்னு ஒரே ஆவி!

ஓரம் கட்டி, பானெட்டைத் தூக்கி, துண்டோட மூடிகிட்ட கையைக் கொண்டு போறாரு. நான் பின்னாடியே தண்ணி சொம்போட ஓடுறேன். "இருங்க, மேல பச்சத் தண்ணி ஊத்துறேன், குக்கர் மாதிரி அடங்கிடும்!"

ரோட்டுக்கு எதிர்ல ஒரு ஒர்க்‌ஷாப். அங்கேருந்து மெக்கானிக் பாய் கத்திக்கிட்டே ஓடியாந்தாரு. "சார், கை வைக்காதீங்க! அம்மா, சொம்பைக் கீழ வைங்க!"

"ஏன் பாய்?"

"இப்பத் தொறந்தா கொதி தண்ணி பூரா மூஞ்சியில அடிக்கும். பச்சத் தண்ணி பட்டா இன்ஜின் விரிசல் விட்டுடும். அரை மணி நேரம் ஆறட்டும்மா."

அரை மணியா! பஸ்ஸுல போலாம்னா, முகூர்த்த நாள் கூட்டம். கண்ணாடி வளையலோட ஏறினா துண்டு துண்டாத்தான் இறக்கணும். டப்பாவை மடியில வெச்சுக்கிட்டு வேப்பமரத்தடியில உக்காந்தேன்.

சம்மந்தியம்மா போன். "கிளம்பிட்டீங்களா?"

"வந்துக்கிட்டே இருக்கோம்!" உக்காந்துக்கிட்டே சொன்னேன்.

ஆறினதும் பாய் துணி போட்டு மெதுவா மூடியைத் திருகினாரு. திருப்பிப் பார்த்தாரு. "சார், இதுல ரப்பர் எங்க?"

எனக்கு ஃப்ரீசர் ஞாபகம் வந்துச்சு. வளையல் டப்பா மூடியைப் புடவைத் தலைப்பால துடைக்க ஆரம்பிச்சேன்.

"இது வெறும் மூடி இல்ல சார். இந்த ஸ்ப்ரிங்கும் ரப்பரும் அழுத்தத்தைப் புடிச்சு வெச்சாத்தான் தண்ணி சீக்கிரம் கொதிக்காது. அழுத்தம் ஜாஸ்தியானா அதுவே கொஞ்சம் பக்கத்து பாட்டிலுக்கு விட்டுடும். வண்டி ஆறியிருக்கும்போது அப்பப்ப ரப்பர் நல்லா இருக்கான்னு பாக்கணும்."

வீட்டுக்காரர் தலையைத் தொங்கப் போட்டுட்டாரு. "நான்தான் பாய் பாக்காம மூடிட்டேன்."

"பாத்து மூட வேணாமாங்க?"ன்னு நானும் சேந்து கேட்டேன்.

அப்பப் பார்த்து மருமக செல்வி போன் பண்றா. பையனுக்குப் பரீட்சைன்னு வீட்டுலயே நின்னுட்டவ. எனக்குக் காது கொஞ்சம் கம்மி, எப்பவும் ஸ்பீக்கர்தான்.

"அத்தை, ஃப்ரீசர்ல கொத்தமல்லி டப்பா பக்கத்துல சின்னதா ஒரு ரப்பர் வளையம் இருக்கே, எந்தக் குக்கரோடது?"

பாய் சிரிப்பை அடக்க முகத்தைத் துடைச்சாரு. துணி பூரா கிரீஸ், முகம் பூரா மீசை! வீட்டுக்காரர் சிரிக்கல.

நல்ல வேளை, ஷெட்டுல நின்ன ஒரு பழைய வண்டியில அதே அளவு மூடி இருந்துச்சு. மேல போட்டிருந்த அழுத்த நம்பரும் ஒண்ணுதானான்னு பார்த்து மாட்டி, தண்ணி நிரப்பி அனுப்பினாரு.

பத்தே காலுக்குப் போய் இறங்கினோம். ஓடிப்போய் நித்யா கையில முதல் வளையலை ஏத்தினப்ப பத்து இருபது. அவ முகத்தைப் பார்த்தப்புறம்தான் எனக்கு மூச்சே வந்துச்சு.

சம்மந்தியம்மா விடுவாங்களா? சபையில வெச்சே, "ஏன் இவ்ளோ நேரம்?"னாங்க.

நான் என் கால் விரலை எண்ணிக்கிட்டு நின்னேன். வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தாரு. "ரேடியேட்டர் மூடி சரியில்ல. நான்தான் கவனிக்கல"ன்னாரு.

"ஆம்பளைங்க இதெல்லாம் பாக்க வேணாமா?"ன்னு கால் மணி நேரம் பாட்டு. மனுஷன் அத்தனைக்கும் தலையைத் தலையை ஆட்டினாரு!

திரும்பி வரும்போது ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. "வேற எதையெல்லாம் கழட்டி வெச்சிருக்க?"

"வண்டியிலயா, வீட்டுலயா?"ன்னு கேட்டேன்.