குசினி வழியாகப் போன கரண்ட் பைப்

இனி இந்த வீட்டு வாசற்படியை எந்த வயர்காரனும் மிதிக்கக்கூடாது என்று பிளேன்டீயைக் குடித்துக்கொண்டே சபதம் செய்தான் சதீஸ்குமார்.

"மெயின் போர்ட்டுல இருந்து வாசலுக்குக் கம்பி நீட்டப்போறது நான்தான்."

"பாதி வேலையில நீங்க கம்பி நீட்டாம இருந்தா சரி," என்றாள் மனைவி நிரஞ்சலா.

சதீஸ்குமார் பசறையில் த்ரீவீல் ஓட்டுகிறவன். மழைக்காலத்தில் தேயிலைத் தோட்டத்து ரோட்டுகளில் ஓடி வீடு திரும்பினால், வண்டியைச் சேற்றிலேயே செய்தது போலிருக்கும். அதனால் தண்ணீரைப் பீச்சியடித்துக் கழுவும் மெஷின் ஒன்றை வாங்கிவந்தான். வாங்கிய பிறகுதான் வாசலில் பிளக் இல்லை என்பது ஞாபகம் வந்தது. மெயின் போர்ட் இருந்ததோ வீட்டுக்குப் பின்பக்கம்.

போனில் வீடியோ பார்த்தான். பிளாஸ்டிக் பைப் வாங்கினான். வீட்டை வெளியே ஒரு சுற்றுச் சுற்றி, மூலைக்கு மூலை வளைத்துச் சுவரில் அடித்தான்.

நிரஞ்சலா இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள். எதையும் ஏன், எதற்கு என்று கேட்காமல் விடுகிற பிறவியல்ல அவள்.

"ஏங்க, பைப்பு பதுளை ரோட்டு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போகுதே. வயருக்குத் தலை சுத்தாதா?"

"வயருக்கு ஏது புள்ள தலை?"

தலை இல்லாத வயர் மூன்றாவது வளைவில் மாட்டிக்கொண்டது. தள்ளினான். இழுத்தான். திட்டினான். கடைசியில் வெளியே உருவியபோது வயரின் தோல் நீளத்துக்கும் கீறியிருந்தது.

நிரஞ்சலா பைப்பின் வாயில் விரலை விட்டுத் தடவினாள். "வெட்டின இடம் பல்லுப் பல்லா இருக்குங்க. இதுதான் கடிச்சிருக்குமோ?"

"அதைத் தேய்க்கத்தானே போறேன்!" என்றான், அந்த நொடியில்தான் அது தோன்றியிருந்தாலும்.

"கீறின வயரைத் திரும்பப் போட்டா ஷோக் அடிக்குமோ?"

"அடிக்கும். புதுசுதான் வாங்கணும்."

"வாங்குறதைத் தடிப்பாவே வாங்கினா சூடாகாது, என்ன?"

கேள்வி கேட்கிற மனைவி கிடைப்பதும் ஒரு பாக்கியம் என்று நினைத்தான். பதில் சொல்லச் சொல்லத் தனக்கே அறிவு வளர்வது போலிருந்தது.

"எனக்கொரு சந்தேகம். குசினி வழியா நேரா கொண்டுபோனா ரெண்டே வளைவுதானே வரும்?"

சதீஸ்குமார் கண்ணை மூடி யோசித்தான். "நானும் அதைத்தான் நினைச்சிட்டு இருந்தேன்!"

பைப் குசினிக்குள் வந்தது. வெட்டிய வாய்களை அரத்தால் வழவழவென்று தேய்த்தான். அடுத்த சந்தேகமும் கூடவே வந்தது.

"நடுவுல சிக்கிட்டா எங்க பிடிச்சு இழுப்பீங்க?"

"நடுவுல ஒரு பெட்டி வைக்கணும். அதைத் திறந்து இழுக்கலாம்."

"எவ்வளவு உயரத்துல?"

"கை எட்டுற உயரத்துல."

"யாரு கை?"

அவள் கைக்கு எட்டும்படி, அடுப்புமேடைக்குச் சற்று மேலே பெட்டி ஏறியது. ஜன்னல் திரையின் ஸ்பிரிங்கை உருவிக் கொடுத்தாள். அதை முதலில் பைப்புக்குள் விட்டு, வயரை அதன் நுனியில் கட்டி, டேப் சுற்றி, அவன் தள்ள அவள் இழுக்க, வெண்ணெயில் போவதுபோல் வழுக்கிக்கொண்டு வந்தது வயர்.

இனி போர்ட்தான் பாக்கி. மெயின் சுவிட்சை அணைத்தான். மூடியைக் கழற்றினான். ஸ்க்ரூ டிரைவரோடு கையை உள்ளே நீட்டினான்.

"ஏங்க, மெயினை அணைச்சா உள்ளுக்கு எல்லாமே செத்துடுமா?"

"எல்லாமே."

"ரோட்டுப் போஸ்ட்டுல இருந்து மெயினுக்கு வர்ற கம்பியுமா?"

கை அந்தரத்தில் நின்றது. டெஸ்டரை எடுத்து, மெயினுக்கு மேலே இருந்த கம்பியின் முனையில் மெதுவாக வைத்தான். டெஸ்டரின் பல்ப் செக்கச்செவேலென்று எரிந்தது. சற்று முன் அவன் கை போய்க்கொண்டிருந்த இடம் அது. நிரஞ்சலாவின் முகம் வெளுத்துவிட்டது. அவன் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

"ஷுக்ரியைக் கூப்பிடு," என்றான், சபதத்தை விழுங்கிக்கொண்டு.

பக்கத்து வீட்டு ஜெனீராவின் தம்பி ஷுக்ரி லைசன்ஸ் உள்ள வயர்காரன். கூப்பிட்ட குரலுக்கே வந்துவிட்டான். போர்ட்டின் துளையில் பைப்பை நட்டுப் போட்டு இறுக்கினான். வயர் தகரத்தில் உரசாமல் உள்ளே இறக்கினான். எர்த் கம்பி முதற்கொண்டு எல்லாவற்றையும் பூட்டி, புதுசாக ஒரு பிரேக்கரும் வைத்தான். வாசலில் பிளக் போட்டான். பிறகு நேராகக் குசினிக்குப் போய், நடுப்பெட்டியைத் திறந்து அதிலும் ஒரு பிளக்கைப் பூட்டினான்.

"தம்பி, அது சும்மா வயர் இழுக்கிற பெட்டி!"

"அப்படியா? நிரஞ்சலா அக்கா போன மாசமே என்னைக் கூட்டிவந்து, பிளக் இந்த இடத்துல வேணும்னு காட்டினாங்களே."

சதீஸ்குமார் திரும்பினான். நிரஞ்சலாவும் ஜெனீராவும் பெரிய அட்டைப்பெட்டி ஒன்றை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிவந்தார்கள். கேக் சுடுகிற ஓவன். இரண்டு பேரும் சேர்ந்து சீட்டுக்காசில் வாங்கியது.

"நேரா கேட்டிருக்கலாமே புள்ள!"

"கேட்டேனே. செவத்துல பைப் அடிச்சா அசிங்கம், குசினிக்குப் பிளக்கே வேணாம்னு சொன்னது யாரு?"

ஷுக்ரி சாமான்களைக் கட்டினான். "அண்ணன், ஓவனையும் மெஷினையும் ஒரே நேரத்துல போடவேணாம். பிரேக்கர் விழுந்துரும்."

சனிக்கிழமை காலை பிறந்தநாள் கேக்குக்கு முதல் ஆர்டர் வந்தது. பசறை டவுனுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும்.

"ஏங்க, சேத்து வண்டியில கேக் போகலாமா? கழுவிட்டு வாங்க."

துள்ளி எழுந்தான். "மெஷினைப் போடவா?"

"ஓவன் போட்டிருக்கேன்ல," என்றாள் நிரஞ்சலா. வாசலில் வாளி நிறையத் தண்ணீரும் அதன் விளிம்பில் ஒரு பழந்துணியும் ஏற்கனவே தயாராக இருந்தன.