மாவுக்கட்டும் ஹவுஸ் ஓனர் மகளின் முழங்கையும்

அம்பத்தூர் முதல் ஆவடி வரை, முழங்கை உள்ள எவரும் மாவுக்கட்டிடமிருந்து தப்பியதில்லை. என்னோடு ஹவுஸ் சர்ஜனாக இருந்த அந்த முத்தாபுதுப்பேட்டைக்காரனுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். எலும்பு வார்டில் போஸ்டிங் முடிந்தும் மனசளவில் அவன் வெளியே வராததால், மாவுக்கட்டு என்ற பட்டப்பெயரே நிலைத்தது.

கையை நீட்டினால் குலுக்க மாட்டான், திருப்புவான். உள்ளங்கை மேலே, உள்ளங்கை கீழே, வலிக்குதா? பரோட்டா மாஸ்டரின் முழங்கையை அமுக்கி, இது டென்னிஸ் ஆடுகிறவர்களுக்கு வரும் வலி என்று அறிவித்தான். வாழ்நாளில் மட்டையையே தொட்டதில்லை என்று மாஸ்டர் சத்தியம் செய்தார். நான் சால்னாவில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

பஸ்ஸில் நடந்தது அதைவிட மோசம். கையில் கட்டோடு ஒருவர், பக்கத்தில் மனைவி, மடியில் எக்ஸ்ரே கவர். மாவுக்கட்டு கேட்காமலே படத்தை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். முன்கையின் இரண்டு எலும்புகளில், சுண்டுவிரல் பக்கத்து எலும்பு மட்டும் நடுவில் உடைந்திருந்தது.

"இது விழுந்து உடைஞ்சது இல்லண்ணாத்தே. கட்டையால அடிக்க வந்தத கைய வெச்சு தடுத்துக்கீறே. ஆரு அடிச்சது?"

பஸ்ஸே திரும்பியது. மனைவி கணவரைப் பார்த்தார். "பாத்ரூம்ல வழுக்கினேன்னு சொன்னே?"

முகப்பேர் வரும் முன்பே நான் இறங்கி நடந்தேன்.

முகப்பேரில் நாங்கள் இருந்தது மாடி போர்ஷன். கீழே ஹவுஸ் ஓனர், மனைவி, இரண்டு வயதுப் பாப்பா. ஓனர் ஐடி கம்பெனியிலிருந்து வந்ததும் பாப்பாவின் இரு கைகளையும் பிடித்து ராட்டினம்போலச் சுற்றுவார். மாவுக்கட்டு மேலிருந்து எட்டிப் பார்த்து, கை முட்டி நழுவிவிடும் என்று தெருவுக்கே கேட்கும்படி கத்துவான். பால்கனிகளில் தலைகள் முளைக்கும். ஒருநாள் ஓனர் என்னைத் தனியே கூப்பிட்டு, இந்த மாதத்தோடு அவனைக் காலி செய்யச் சொல்லிவிடுங்கள் என்றார். தலையாட்டினேன். சொல்லவே கூசுகிறது, உள்ளுக்குள் நிம்மதியாகக்கூட இருந்தது.

எப்படிச் சொல்வதென்று நான் யோசித்துக்கொண்டிருந்த சாயங்காலம், பாப்பா வீறிட்டாள். ஓனரும் மனைவியும் அவளைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடிவந்தார்கள். இடது கை அசையாமல் தொங்கியது.

விழுந்தாளா, கையைப் பிடித்து இழுத்தீர்களா என்று மாவுக்கட்டு கேட்டான்.

ஓனர் மனைவியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "விழுந்துட்டா."

அந்த ஒரு பதிலில் வைத்தியமே மாறிவிடும். விழுந்திருந்தால் எலும்பு முறிந்திருக்கலாம். திருப்பக் கூடாது, எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இழுத்திருந்தால், நழுவியதை ஒரு திருப்பில் உட்கார வைத்துவிடலாம். ஆட்டோ பிடிக்க நான் செருப்பை மாட்டினேன். மாவுக்கட்டு தோளிலிருந்து மணிக்கட்டுவரை தடவிப் பார்த்தான். வீக்கமில்லை, சிராய்ப்பில்லை. போச்சு, பஸ்ஸில் கேட்ட குரல் வரப்போகிறது என்று கூனிக் குறுகினேன்.

வரவில்லை. பாப்பாவின் பொம்மையை எடுத்துவரச் சொல்லி ஓனரின் மனைவியைக் கீழே அனுப்பினான். பிறகு ஓனரின் காதருகே குனிந்தான்.

"சார், நானும் எங்க ஊட்ல தங்கச்சி புள்ளைய இப்டி சுத்தினவன்தான். படிச்சப்புறந்தான் பயந்தேன். விழல, இல்ல?"

ஓனர் முகத்தை மூடிக்கொண்டார். "சுத்தினேன் தம்பி. டக்குனு ஒரு சத்தம்."

மாவுக்கட்டு பாப்பாவின் முன்கையைத் திருப்பினான். ஒரே ஒரு அலறல். மனைவி கொண்டுவந்த பொம்மையை, சற்று நேரத்தில், பாப்பா இடது கையாலேயே வாங்கிக்கொண்டாள். என்ன ஆயிற்று என்று மனைவி கேட்டார்.

"முட்டி நழுவிச்சுக்கா. சின்னப் புள்ளைங்களுக்கு ஆவறதுதான். இனிமே ஆரும் கையப் புடிச்சு தூக்காதீங்க. கக்கத்துல புடிங்க," என்றான், யாரையும் பார்க்காமல்.

படியிறங்கும்போது ஓனர் என்னிடம், காலி செய்யச் சொல்லி அவனிடம் சொல்லிவிட்டீர்களா என்று கிசுகிசுத்தார். இல்லை என்றேன். சொல்ல வேண்டாம் என்றார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

நான் திரும்பி வந்தபோது மாவுக்கட்டு பால்கனியில் நின்று, கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றாதே என்று எதிர்வீட்டுக்காரரை நோக்கிக் கத்திக்கொண்டிருந்தான். தெருவே அண்ணாந்து பார்த்தது. நான் போய் அவன் பக்கத்தில் நின்றுகொண்டேன்.