முழுச் சுமையில் ஒரு ஸ்மூத்தி

இந்தியப் பெண்களின் விடுதலை எங்கே தொடங்கியது என்று நாளைக்கு யாராவது ஆராய்ச்சி செய்தால், அவர்கள் வீணாக அலைய வேண்டாம். ஹைதராபாதின் மேற்குக் கோடியில், ராமச்சந்திராபுரம் காலனியில், எங்கள் சமையல் மேடையில் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் இருக்கும் பிளக் பாயின்ட்டில்தான் அது தொடங்கியது. தொடங்கி வைத்தவர் என் கணவர் லக்ஷ்மிநாராயணன். விடுதலை பெற்றவள் கல்பகம் என்ற நான், கணக்கு டீச்சர்.

என் கணவர் ஒரு பெரிய பொதுத்துறைத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டு அதிகாரி. அவர் தலையாட்டாமல் அங்கிருந்து ஒரு போல்ட்டுகூட வெளியே போகாது. அப்படிப்பட்டவர் ஒரு நாள் 'ஆரோக்கிய விழிப்புணர்வுக் கூட்டம்' ஒன்றுக்குப் போனார். சமோசாவைக் கடித்துக்கொண்டே எண்ணெய்ப் பலகாரத்தின் தீமைகளைக் கேட்டார். ஞானம் பெற்ற முகத்தோடு வீட்டுக்கு வந்தார்.

"கல்பகம், இனிமே கார்த்தால நீ சமையலுள் பக்கமே வர வேண்டாம். டிபன் என் டிபார்ட்மென்ட். ஸ்மூத்தி! பழம், பால், சுவிட்ச். அஞ்சே நிமிஷம். ரொம்ப சிம்பிள்."

கல்யாணமான நாளிலிருந்து காலை வேளை என்றால் எனக்கு இட்லித் தட்டும் குக்கர் விசிலும்தான். இந்த மனிதரை என்னவோ என்று நினைத்தோமே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

ஆனால் சிம்பிளான காரியத்தை அவசரப்பட்டுச் செய்துவிட முடியுமா? எங்கள் பழைய மிக்ஸி 'பழப் பணிக்குத் தகுதியற்றது' என்று நிராகரிக்கப்பட்டது. புது பிளெண்டர் வாங்கக் குழு அமைந்தது. அவர் தலைவர், காலேஜில் படிக்கும் எங்கள் பெண் சாருலதா உறுப்பினர். குழு கூடும்போதெல்லாம் நான் தோசை வார்த்துக் கொடுத்தேன். வெறும் வயிற்றோடு குழு எப்படி முடிவெடுக்கும், பாவம்!

இதற்கு நடுவே எங்கள் பள்ளியில் துணை முதல்வர் பதவிக்கு நேர்காணல் அறிவித்தார்கள். அந்த நாற்காலி எனக்கு வந்தாக வேண்டியது. பள்ளியில் எல்லோரையும்விட நான் சீனியர். போன முறை 'குழந்தை சின்னவள்' என்று தட்டிக் கழித்தார்கள். இந்த முறை குழந்தை என்னைவிட உயரம். இதையும் விட்டால் பிறகு வயது வரம்பு தாண்டிவிடும். போட்டிக்கு ஒரே ஆள், ஃபிசிக்ஸ் உமாசங்கர் சார். நேர்காணல் ஊரின் மறு கோடியில், உப்பலில் இருக்கும் தலைமை அலுவலகத்தில், காலை முதல் வேலையாக.

பிளெண்டர் வந்து சேர்ந்தது நேர்காணலுக்கு முந்தின நாள் சாயங்காலம்.

"நல்ல சகுனம்! நாளைக்கே தொடக்க விழா. நீ ஸ்மூத்தியைக் குடிச்சுட்டு ராணி மாதிரிக் கிளம்பு" என்றார்.

"ஏன்னா, மாவு இருக்கு. நாளைக்கு ஒரு நாள் நாலு இட்லி வச்சுண்டு போயிடறேனே."

"நக்கோ, வேண்டவே வேண்டாம்! நாளைக்கு உனக்குப் பூரா லீவு. நீ பண்ண வேண்டியது ஒண்ணுமே இல்லை. அந்த வாழைப்பழத்தை மட்டும் உரிச்சு ஃப்ரீசர்ல வச்சுடு. பப்பாளியைத் தோல் சீவிடு. மாதுளையை உதிர்த்துடு. பேரீச்சம்பழத்துல கொட்டை எடுத்துடு. பாதாம் ஊறப் போடு. பாலைக் காய்ச்சி ஆற வச்சுடு."

தயாரிப்பு வேலைகள் 'உற்பத்தி'யில் சேராது என்பது தொழிற்சாலை மரபாம். எனவே வழக்கத்தைவிடக் கொஞ்சம் முன்னாலேயே எழுந்து, ஒன்றுமே செய்யாமல் இதையெல்லாம் செய்து முடித்தேன். பிறகு குளித்து, நேர்காணலுக்கென்றே வாங்கி வைத்திருந்த போச்சம்பள்ளிப் பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றேன். வாசலில் சலீம் பாயின் ஆட்டோ வந்துவிட்டது.

என் கணவர் ஜாடியில் பழத்தைப் போட்டார். போட்டார், போட்டுக்கொண்டே இருந்தார்.

"ஏன்னா, பாதிக்கு மேல போடப்படாதுன்னு அதுலயே கோடு போட்டிருக்கு."

அவர் என்னைப் பரிவோடு பார்த்தார். "அது வீட்டுல இருக்கறவாளுக்குப் போட்ட கோடு. எந்த மெஷினா இருந்தாலும் முதல் ஓட்டம் முழுச் சுமையில ஓட்டணும். தாங்கினாத்தான் தரம். நாங்க டர்பைனையே அப்படித்தான் பார்ப்போம்."

சாருலதா எட்டிப் பார்த்தாள். "நக்கோப்பா, திஸ் இஸ் நாட் எ டர்பைன்" என்று சொல்லிவிட்டு, அனுபவசாலியாகக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

"நீ மட்டும் கிட்ட வந்து மூடியைப் பார்த்துக்கோ" என்றார். பார்த்துக்கொண்டேன். அவர் சுவிட்சைப் போட்டார்.

மூடி மேலே போனது. அதன் பின்னால் வாழையும் பப்பாளியும் மாதுளையும் போயின. பாதி கூரையில் தங்கியது, மீதி என்மேல் இறங்கியது. போச்சம்பள்ளியில் ஏற்கெனவே இருந்த டிசைனோடு அது நன்றாகவே கலந்தது.

ஐயோ என்று அலறிக்கொண்டு துணியை எடுக்கப் போனேன். "தொடாதே!" என்று கத்தினார். "விபத்து நடந்த இடத்துல எதையும் கலைக்கப்படாது. விசாரணை முடியட்டும்."

"எனக்கு நேரமாறது!"

"நீதானே நேரடி சாட்சி? சாட்சி சொல்லாம போனா எப்படி? மூடி முதல்ல அசைஞ்சுதா, இல்லை சத்தம் முதல்ல வந்துதா?"

சாட்சி சொன்னேன். வேறு புடவை தேடி எடுக்க நேரமில்லை. சேலையை முடிந்தவரை தண்ணீரில் துடைத்துக்கொண்டு ஓடினேன்.

"கைக்கு மேடம் இத்தா லேட், ஏன் இவ்ளோ நேரம்? ஹோலி விளையாடினீங்களா?" என்றார் சலீம் பாய்.

மியாப்பூரில் மெட்ரோ பிடித்து, அமீர்பேட்டையில் மாறி, உப்பலில் இறங்கி, தலைமை அலுவலகத்துக்குள் நுழைந்தபோது உமாசங்கர் நேர்காணலை முடித்துவிட்டு வெளியே உட்கார்ந்திருந்தார். நெற்றியில் விபூதி, மடியில் டிபன் பை, கசங்காத சட்டை.

"வயிறு ஃபுல்லா இருக்கு டீச்சர். என் வைஃப் ஷோபா விடிகாலையிலயே எழுந்து இட்லி, வடை, சாம்பார் பண்ணிட்டா. லஞ்சும் கட்டிக் குடுத்துட்டா. எனக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது" என்று வெட்கப்பட்டார்.

உள்ளே தாளாளர் ஆரோக்கியசாமி கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என் புடவையைப் பார்த்தார். "ஏம்மா லேட்டு?"

பொய் சொல்லத் தெரியாத ஜென்மம் நான். "வீட்டுக்காரர் டிபன் பண்ணினார் சார்."

அவர் முகம் மலர்ந்ததே பார்க்கவேண்டும்! "அடடா! இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுஷனா! என்ன டிபன்?"

"ஸ்மூத்தி."

என்ன பழம் போட வேண்டும், தேன் சேர்க்கலாமா, சர்க்கரை நோய்க்காரர் குடிக்கலாமா என்று நேர்காணல் குழு முழுக்க ஆர்வத்தோடு கேட்டது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதம் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நானே எடுத்துச் சொல்ல ஆரம்பித்தபோது நேரம் முடிந்துவிட்டது.

கடைசியில் தாளாளர் கனிவாகச் சொன்னார்: "தப்பா நினைக்காதீங்கம்மா. உமாசங்கர் வீட்டுக் கவலையே இல்லாதவர், டைமுக்கு வந்துடறார். முழு கவனமும் ஸ்கூல் மேல இருக்கும். உங்களுக்குத்தான் வீட்டுல தாங்கறதுக்கு ஆள் இருக்கே. பதவி கெடக்குது, விடுங்க. நீங்க குடுத்துவச்சவங்க."

வீட்டுக்கு வந்தேன். வயிறு எரிந்தது, பசியிலும்தான். சமையலறையில் ஒரு துரும்பு அசையவில்லை. விசாரணை முடியும்வரை கலைக்கக் கூடாதல்லவா? கூரையில் பப்பாளி காய்ந்து ஒட்டியிருந்தது. எறும்புகள் விசாரணைக்கு வரிசையாக வந்துகொண்டிருந்தன. என் கணவர் வெளியே பூரி சாப்பிட்டுவிட்டு வந்து முடிவை அறிவித்தார்.

"மெஷின்ல குறை இல்லை. மனிதத் தவறு. மூடியைப் பார்த்துக்கற பொறுப்பு உன்கிட்ட இருந்தது. பரவாயில்லை, நடவடிக்கை எல்லாம் ஒண்ணும் வேண்டாம்னு எழுதாமலே விட்டுட்டேன்."

"ஏன்னா, அந்தப் பதவி கிடைக்கலை" என்றேன்.

உண்மையாகவே வருத்தப்பட்டார். நல்ல மனிதர், அதைச் சொல்லியே ஆகவேண்டும். "நீ ரொம்ப களைச்சுப் போயிருக்கே. அதான் காரணம். நாளையிலேர்ந்து ராத்திரி சமையலும் என் டிபார்ட்மென்ட்."

ஈரத் துணியோடு ஸ்டூல்மேல் ஏறிக் கூரையைத் துடைத்தேன். ஸ்டூலை அவர்தான் பிடித்துக்கொண்டார். இடப்பக்கம் கொஞ்சம் விட்டுப்போயிருக்கிறது என்றும் சுட்டிக் காட்டினார்.

துடைத்துக்கொண்டே யோசித்தேன். உமாசங்கரைத் துணை முதல்வர் ஆக்க அவர் வீட்டில் ஒருத்தி விடியும் முன்னே எழுந்தாள். என் வீட்டிலும் ஒருத்தி விடியும் முன்னே எழுந்தாள். நேர்காணலுக்குப் போனவள் நான், அவளும் நான்தான்.